போகிக்கு முன் ஒரு கேள்வி: கேசட் பெட்டியைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி, ஜனவரி 4

வீட்ல ரெண்டு ஷூ டப்பா நிறைய கேசட் இருக்கு. பாதிக்கு மேல ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் குடுத்துப் பதிஞ்ச இளையராஜா பாட்டு. மீதி வீட்டு ஆளுங்க பேசினது, ஊர்க் கொடையில் பிடிச்ச வில்லுப்பாட்டு, துபாய்ல இருந்து லெட்டருக்குப் பதிலா வந்த பேச்சுக் கேசட். டூ-இன்-ஒன்ல (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட்) போட்டா டேப்பை இழுத்துச் சுத்திக்குது. சுத்தாம ஓடினா சத்தம் அமுங்கிக் கேக்குது. டேப் எல்லாம் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். பாட்டெல்லாம் ஆன்லைன்ல இருக்கு. போகிக்குக் கழிச்சுடலாமா?

ஜனவரி 4, இரவு

கழிக்காதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியுமே டேப் செத்ததற்கானவை அல்ல, செட் செத்ததற்கானவை. சுற்றிக்கொள்வது பெரும்பாலும் பெல்ட் கோளாறு, மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரப்பர் வளையம் அது. அமுங்கிக் கேட்பது டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு, அல்லது ஹெட் சாய்ந்திருப்பது. "கேசட் போச்சு" என்று வருகிறவற்றில் பெரும்பகுதி நல்ல செட்டில் போட்டால் பேசிவிடும்.

இப்போதைக்கு இரண்டே வேலை.

ஒன்று, பெட்டியைப் பிரியுங்கள். சினிமாப் பாட்டு, கம்பெனிக் கேசட் ஒரு பக்கம். பேச்சு, வில்லுப்பாட்டு, துபாய்க் கேசட் இன்னொரு பக்கம். இரண்டாவது குவியலுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. செட் சரியாகும்வரை அதில் ஒன்றையும் செட்டுக்குள் விடாதீர்கள். சோதனைக்கெல்லாம் பாட்டுக் கேசட்.

இரண்டு, அந்த இரண்டாவது குவியலில் முதுகுப்பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். டேப் தெரியும் திறந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்தால், உங்களைப் பார்க்கும் சைடுக்கான தாழ் மேலே இடது மூலையில் இருக்கும். மறு சைடுக்கு மறு மூலை. உடைத்த பிறகு ரெக்கார்ட் பட்டன் இறங்காது. பிளேயும் ரெக்கார்டும் ஒட்டி ஒட்டி இருக்கும் டூ-இன்-ஒன்னில் இது ஆயுள் காப்பீடு.

ஜனவரி 5

ஏன் சுற்றிக்கொள்கிறது? டேப்பை இழுப்பது இரண்டு சுற்றும் சக்கரங்கள் அல்ல. ஹெட்டுக்குப் பக்கத்தில் குச்சி மாதிரி ஒரு எஃகு அச்சு சுழலும், அதுதான் கேப்ஸ்டன். ரப்பர் உருளை ஒன்று டேப்பை அதன்மேல் அழுத்தும். விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் டேப் நகர்வது இந்த இரண்டின் பிடியில். வெளியே வரும் டேப்பை வாங்கிச் சுருட்டுவது மட்டுமே சக்கரத்தின் வேலை. அந்தச் சக்கரம் பெல்ட் தளர்ந்து நின்றுபோனால் கேப்ஸ்டன் நிற்காது, டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வாங்க ஆள் இல்லாத டேப் கேப்ஸ்டனையே சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரியும்.

சோதனை: கேசட் போடாமல் மூடியைத் திறந்துவைத்து பிளே அழுத்துங்கள். டேப்பைச் சுருட்டும் சக்கரத்தின் அச்சை (கேப்ஸ்டனை அல்ல) இரண்டு விரலால் லேசாகப் பிடியுங்கள். வழுக்கி நிற்க வேண்டும், விட்டதும் உடனே சுற்ற வேண்டும். தொட்டவுடன் செத்துப்போய், விட்டாலும் யோசித்து யோசித்துக் கிளம்பினால் பெல்ட் போய்விட்டது.

பின்மூடியைக் கழற்றினால் பெல்ட் தெரியும். முழுசாக இருந்தால் எடுத்து அளந்துகொள்ளுங்கள். பழைய பெல்ட் நீண்டிருக்கும், அதனால் அளவில் 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். உருகித் தார் மாதிரி ஆகியிருந்தால் பெல்ட் போகும் வழியெல்லாம் நூலைச் சுற்றி அளந்து 5 முதல் 7 சதவீதம் கழியுங்கள். நூல் 220 மி.மீ. வந்தால் பெல்ட் சுமார் 207 மி.மீ. கடைகளில் விட்டத்தில் கேட்பார்கள், 3.14-ஆல் வகுத்தால் 66 மி.மீ. குறுக்கு அளவையும் பாருங்கள்: சதுரப் பெல்ட் பெரும்பாலும் 1.2 மி.மீ. அருகில் இருக்கும். பட்டைப் பெல்ட் என்றால் அகலம் முக்கியம்.

உருகிய ரப்பர் கையில் பட்டால் நாலு நாள் போகாது. கையுறை போடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இயர்பட்டால் (காது குடையும் பஞ்சுக் குச்சி) பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளம் முழுக்கத் துடைத்த பிறகே புதுப் பெல்ட்.

ஜனவரி 5, கொஞ்ச நேரம் கழித்து

ரப்பர் பேண்ட் போடலாமா என்று ஒருவர். ஓடும். சுசீலாம்மா குரல் தண்ணீருக்குள் இருந்து வரும். ரப்பர் பேண்டின் கனம் இடத்துக்கு இடம் மாறும், ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் ஏறி இறங்கும்.

இறுக்கமாகப் போட்டால் நல்லதுதானே என்று இன்னொருவர். இல்லை. மோட்டார் புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) தேயும், மோட்டார் திணறி வேகம் குறையும். பெல்ட் புல்லியில் உட்கார்ந்தால் போதும்.

ஜனவரி 7

பெல்ட் வந்து சேரும்வரை சுத்தம் செய்யுங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலப்பு இருக்கும், அவசரத்துக்கு ஹெட் துடைக்கலாம், பழக்கமாக வேண்டாம். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம் மூன்றும் கிட்டவே வரக்கூடாது, ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

ஹெட்டின் பளபளப்பான முகத்தை டேப் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். இயர்பட் பழுப்பாக வரும், அது டேப்பில் இருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். கேப்ஸ்டனை யாரும் கண்டுகொள்வதில்லை. அதில் பழுப்பு வளையமாக ஒட்டியிருக்கும் பிசுக்கும் டேப்பைத் தன்மேல் சுற்றவைக்கும், பெல்ட் நன்றாக இருந்தாலும்கூட. ரப்பர் உருளையைக் கையால் உருட்டி உருட்டித் துடையுங்கள். கண்ணாடி மாதிரி மின்னினால் பிடி இருக்காது, ரொம்ப மெல்லிய உப்புத்தாளால் ஒரு சுற்று தேய்த்துப் பொடியைத் துடைத்துவிடலாம். வெடிப்பு விட்டிருந்தால் உருளையையே மாற்ற வேண்டும்.

எண்ணெய் எங்கேயும் விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய் கையில் இருக்கிறதே என்று விட்டவர்கள் கொண்டுவரும் செட்டில் பெல்ட் முதல் உருளைவரை எல்லாம் வழுக்கும்.

ஜனவரி 8

"டேப்பை ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று படித்தேன்."

அது பெரிய ஸ்பூல் டேப்புக்கான வைத்தியம். எழுபது எண்பதுகளில் வந்த சில ஸ்டுடியோ டேப்புகளில் ஆக்சைடைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், அவற்றைச் சுமார் 50 டிகிரியில் மணிக்கணக்கில் உலர்த்திப் படியெடுப்பார்கள். கேசட்டுக்கு இந்த நோய் அபூர்வம். ஓவனில் வைத்தால் முதலில் கோணிக்கொள்வது பிளாஸ்டிக் கூடு. வேண்டாம்.

கேசட் கிறீச்சிட்டாலோ திணறி ஓடினாலோ, ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் பிளே போடுங்கள். பல வருஷம் அசையாமல் இருந்த சுருள் ஒட்டி இறுகியிருக்கும். தளர்ந்ததும் பாதிப் பிரச்சினை போகும். முதல் சில சுற்றைப் பென்சிலில் செய்யுங்கள். ஆறு பட்டைப் பென்சிலாகப் பார்த்து.

ஜனவரி 10

அமுங்கிய சத்தம். சுத்தம் செய்தும் போகவில்லை என்றால் ஹெட் சாய்வுதான். அஸிமத் என்பார்கள்.

ஹெட்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செங்குத்துப் பிளவு இருக்கிறது. அது டேப் ஓடும் திசைக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும்போது 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் எடுத்துக்கொள்ளும் நீளம் 4.76 மைக்ரான். இவ்வளவு நுணுக்கமான கோடுகளைச் சாய்ந்த பிளவு படித்தால் ஒரு கோடும் பக்கத்துக் கோடும் ஒன்றையொன்று அடித்துவிடும். "ஸ", "ச" ஓசைகள், ஜால்ரா, வில்லுப்பாட்டில் மணி, இவைதான் முதலில் காணாமல் போகும். பதிந்த செட்டின் ஹெட் ஒரு கோணம், உங்கள் செட்டின் ஹெட் ஒரு கோணம் என்றாலே போதும், இரண்டுமே நல்ல செட்டாக இருந்தாலும் சத்தம் மங்கும்.

ஹெட்டின் இரண்டு பக்கமும் திருகு இருக்கும். அடியில் ஸ்பிரிங் உள்ள திருகு எதுவோ அதுதான். மற்றதைத் தொடாதீர்கள். பல செட்டுகளில் மூடிக்குக் கீழே சின்ன ஓட்டை வழியாக, ஓடும்போதே திருகும்படி வைத்திருப்பார்கள். சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், முனையில் காந்தம் இல்லாதது. திருகின் தலையில் இப்போது இருக்கும் நிலைக்குப் பேனாவால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். உயரமான சத்தங்கள் உள்ள கேசட்டைப் போட்டு, ஹெட்ஃபோனில் கேட்டபடி, எட்டில் ஒரு சுற்று வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். உஸ்ஸென்ற டேப் இரைச்சலையும் "ஸ"வையும் கவனியுங்கள். ஓர் இடத்தில் சட்டென்று கூர்மையாகும். அதைத் தாண்டினால் மறுபடி மங்கும். கூர்மை உச்சத்தில் நிறுத்துங்கள். முக்கால் சுற்றுக்குமேல் போகத் தேவை வந்தால் கோளாறு வேறெங்கோ.

இது ஒவ்வொரு கேசட்டுக்கும் மாறும். ஒரே செட்டில் பதிந்த கேசட்டுகளை ஒன்றாக அடுக்கி வரிசையாக ஓட்டினால் திருகும் வேலை குறையும். எல்லாம் முடிந்ததும் பேனா அடையாளத்துக்குத் திரும்பி, ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுங்கள்.

ஜனவரி 11

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், பேச்சுக் கேசட்டுக்கு இதுதான் முக்கியம். ஒற்றை மைக் செட்டில் பதிந்தவை மோனோ, அதாவது ஒரு சைடுக்கு ஒரே தடம் (டேப்பில் ஒலி பதியும் பட்டை). ஸ்டீரியோவில் ஒரு தடம் 0.6 மி.மீ., மோனோவில் தடம் 1.5 மி.மீ. தடம் அகலம் என்பதால் சாய்வு இன்னும் கடுமையாகத் தாக்கும். கணக்குப் போட்டால் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான சாய்வே 10,000 ஹெர்ட்ஸைத் துடைத்துவிடும். ஆனால் மோனோ கேசட்டை ஸ்டீரியோ செட்டில் ஓட்டினால் அந்த அகலத் தடத்தை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டு சேனல் தனித்தனியே படிக்கும். இரண்டையும் கூட்டாமல், தெளிவாக இருக்கும் ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொண்டால் சாய்வின் பாதிப்பு பாதியாகக் குறையும். டேப்பின் ஓரம் கசங்கியிருந்தாலும் இதே தந்திரம் கைகொடுக்கும்.

ஜனவரி 13

நாளை போகி. டப்பா இன்னும் அலமாரியில்தானே இருக்கிறது? பாட்டுக் கேசட்டுகளைக்கூட முழுசாகக் கழிக்காதீர்கள். திருகு போட்ட கூடு உள்ளவற்றில் நாலைந்தை உதிரி பாகத்துக்கு வையுங்கள். ஏன் என்று பொங்கல் கழித்து.

ஜனவரி 18

கரும்பு தின்று முடித்தாயிற்று. உதிரிக் கேசட் விஷயம்.

நல்ல கேசட் கூடு ஐந்து திருகால் பூட்டியிருக்கும், நாலு மூலை, நடுவில் ஒன்று. மலிவுக் கேசட்டுகளைத் திருகு இல்லாமல் உருக்கி ஒட்டியிருப்பார்கள். டேப் அறுந்து உள்ளே போய்விட்டால் ஒட்டுக் கூட்டை விளிம்பில் கத்தி வைத்துப் பிளக்க வேண்டும், பிறகு டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. எந்தக் கம்பெனிக் கூடும் எந்த டேப்புக்கும் பொருந்தும். 1963-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் இதை வெளியிட்டபோது வைத்த அளவுதான் இன்றுவரை. லூ ஓட்டன்ஸ் தலைமையில் பெல்ஜியத்தின் ஹாசல்ட் ஆலையில் உருவான வடிவம். காப்புரிமைக் கட்டணம் இல்லாமல் மற்றவர்களுக்கும் விட்டுக்கொடுத்ததால் ஆளுக்கொரு அளவு வராமல் தப்பித்தோம்.

கூட்டை மேசைமேல் படுக்கவைத்துத் திருகைக் கழற்றி, மேல்பாதியை நேராகத் தூக்குங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகு எதையும் தொடுங்கள். டேப் போகும் வழி: ஒரு மூலை உருளை, நடுவில் ஸ்பிரிங் தகட்டில் ஒட்டிய பஞ்சுத் துண்டு, மறு மூலை உருளை. அந்தப் பஞ்சு டேப்பை ஹெட்டோடு அழுத்தும். பழைய கேசட்டில் பசை காய்ந்து பஞ்சு உதிர்ந்துவிடும், சத்தம் போய்ப் போய் வரும். பலர் டேப் அழிந்துவிட்டது என்று நினைப்பது இதைத்தான். உதிரிக் கேசட்டில் இருந்து தகட்டோடு பஞ்சை எடுத்துப் போட்டால் முடிந்தது. இரண்டு பக்கமும் இருக்கும் வழுவழுப்பான தாள்களை மறக்காமல் திரும்ப வையுங்கள், அவை இல்லாவிட்டால் சுருள் கூட்டில் உரசி இழுக்கும்.

அறுந்த டேப்பை ஒட்ட: இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 45 டிகிரியில் ஒரே வெட்டு. முனைகள் முட்ட வேண்டும், மேலேறக் கூடாது. ஒட்டு எப்போதும் உட்பக்கம், ஹெட் தொடாத பக்கம். கேசட்டுக்கென்றே 3.8 மி.மீ. அகல ஒட்டு டேப் ஆன்லைனில் கிடைக்கிறது. செல்லோ டேப் போட்டால் பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்து இழுக்கும், ஆறு மாதத்தில் இன்னொரு இடத்தில் அறும். காந்தம் ஏறிய கத்தரியால் வெட்டினால் அந்த இடத்தில் "டிக்" கேட்கும், பிளேடு நல்லது.

கசங்கிய டேப்பை இஸ்திரி போடலாமா என்று கேட்க வாயெடுப்பவருக்கு: கூடாது.

ஜனவரி 21

டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி. கடலோர ஊர்களில் சகஜம், பூஞ்சை. ஜன்னல் வழியாகச் சுருளைப் பார்த்தால் மாவு தூவின மாதிரி இருக்கும். அதைச் செட்டில் போட்டால் ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் பரவும். முதலில் மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு மாடியிலோ திண்ணையிலோ, மாஸ்க் போட்டுக்கொண்டு, கூட்டைத் திறந்து சுருளின் ஓரங்களை உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டுங்கள். டேப்பை மெல்லிய துணிக்கிடையே விட்டுக் கையால் ஒருமுறை முழுக்கச் சுற்றி, வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். ஒரு கேசட்டுக்கு ஒரு மணிநேரம் ஆகும். இரண்டாவது குவியலுக்கு மட்டும் செய்தால் போதும்.

ஜனவரி 23

வேகம். பாட்டு இழுத்தாலோ கீச்சென்றாலோ மோட்டாரின் பின்புறம் சின்ன ஓட்டை இருக்கும், சிலவற்றில் ஸ்டிக்கருக்குக் கீழே. உள்ளே இருக்கும் திருகைப் பிளாஸ்டிக் முனையால் இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். முறையான வழி 3,000 அல்லது 3,150 ஹெர்ட்ஸ் சோதனைக் கேசட். இல்லாவிட்டால் கம்பெனிக் கேசட்டின் பாட்டு. 240 விநாடிப் பாட்டு 235-ல் முடிந்தால் 2 சதவீதம் கூடுதல் வேகம். ஒரு பாட்டை நம்பாமல் மூன்று நான்கைச் சராசரி பாருங்கள்.

பேச்சுக் கேசட்டுக்குக் கரண்டில் பதிந்திருந்தால் இன்னொரு குறி உண்டு. அப்போது ஏறிய 50 ஹெர்ட்ஸ் உறுமல் டேப்பிலேயே இருக்கும். கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளின் ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம்) விண்டோ அளவை 32768 வைத்துப் பார்த்தால் கோடாகத் தெரியும். கோடு 50-ல் நின்றால் வேகம் சரி.

ஜனவரி 24

மின்சாரம் தெரிந்த ஒருவர் சுட்டிக்காட்டியது சரி: தொண்ணூறுகளில் நம் கரண்டே 50-ல் நின்றதில்லை, 49-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். அதனால் அந்தக் கோடு 48.7-ல் இருந்தால் செட் மெதுவா, அன்றைய மின்சாரம் மெதுவா என்று சொல்ல முடியாது. தோராயத்துக்கு மட்டும். துபாய்க் கேசட்டில் இதை இன்னும் கொஞ்சம் நம்பலாம், அது பேட்டரியில் பதியப்படாமல் இருந்தால்.

எப்படியும் குரலில் ஒரு சதவீதம் யாருக்கும் உறைக்காது. பாட்டில் அரைச் சுருதி என்பதே ஏறத்தாழ 6 சதவீதம்.

ஜனவரி 27

கணினியில் ஏற்றுவது. லைன் அவுட் இருந்தால் அது, இல்லாவிட்டால் ஹெட்ஃபோன் துளை, வால்யூம் பாதி, டோன் நடுவில், பேஸ் பூஸ்ட் அணைத்து. மடிக்கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள், பெரும்பாலும் மோனோ, எளிதில் கரகரக்கும். ஸ்டீரியோ லைன் இன் உள்ள சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்டு போதும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. 60 நிமிடக் கேசட் ஏறத்தாழ 1 ஜிபி வரும். ஃபிளாக் கோப்பாக மாற்றினால் கணிசமாகக் குறையும், தரம் குறையாது. மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். உறுமல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு சைடை முழுசாக ஒரே கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்குவது, வெட்டுவது எல்லாம் பிரதியில். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

பேசுகிறவர் நிறுத்தும்போதெல்லாம் பின்னணி இரைச்சல் மெல்ல மேலே எழும்பும், பேச ஆரம்பித்ததும் பதுங்கும். அது கோளாறு அல்ல. டூ-இன்-ஒன்கள் பதியும்போது சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும். டேப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. தெருவில் போகும் ஐஸ் வண்டி மணிகூட அந்த இடைவெளிகளில்தான் துல்லியமாகக் கேட்கும், அதற்காகவே இரைச்சலை முழுக்கத் துடைக்க வேண்டாம் என்பேன்.

ஜனவரி 28

"கேசட்டின் இதமான ஒலி டிஜிட்டலில் வராது" என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. ஒலித்தரத்தில் கேசட் சிடியிடம் தோற்றுப்போன விஷயம், இதில் வாதிட ஒன்றுமில்லை. அது ஜெயிக்கும் இடம் வேறு. நிறுத்திய இடத்திலேயே நிற்கும், செட்டை மாற்றினாலும், பத்து வருஷம் கழித்தாலும். திரை பார்க்கத் தேவையில்லை, கண் தெரியாதவரும் பட்டனைத் தடவி இயக்கலாம். வர்ணத்தில் ஒரே சங்கதியை இருபது தடவை கேட்க ரிவைண்ட் பட்டனைப் போல வசதி எந்த ஆப்பிலும் இல்லை.

பிப்ரவரி 3

புது பிளேயர் வாங்கலாமா? இன்று வரும் சின்ன பிளேயர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஒரே மலிவு மெக்கானிசத்தின் நகல்கள், டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பியும் கிடையாது. வீட்டில் இருக்கும் பழைய செட்டுக்குப் பெல்ட் போடுவதே மேல். டால்பி பி போட்டுப் பதிந்த கேசட்டை டால்பி இல்லாமல் ஓட்டினால் கூர்மையும் இரைச்சலும் கூடுதலாக இருக்கும், கெட்டுப்போகாது. போடாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் மங்கும். செட்டில் அந்தப் பட்டன் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், ஹெட் சாய்வைத் திருகும் முன்பே. இதை ஜனவரி 10-ஆம் தேதிக் குறிப்புக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள்.

தாழ் உடைத்த கேசட்டில் மறுபடி பதிய ஓட்டையை ஒட்டி மூடுவோம் அல்லவா, குரோம் என்ற வேறு வகைப் பூச்சுள்ள கேசட்டில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் உண்டு. அது டேப் வகையைச் செட்டுக்குச் சொல்வதற்கு. இரண்டையும் சேர்த்து மூடினால் செட் அதைச் சாதாரண டேப் என்று எண்ணிப் பதியும்.

120 நிமிடக் கேசட் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். டேப்பின் கனம் 9 மைக்ரான்தான், 60 நிமிடக் கேசட்டில் பாதி. வேகமாக முன்னும் பின்னும் ஓட்டினால் நீளும். அதற்கு மட்டும் ஜனவரி 8-ஆம் தேதி சொன்ன தளர்த்தும் வேலை முழுக்கப் பென்சிலில்.

பிப்ரவரி 9

கேட்டவர் எழுதியிருக்கிறார்: பெல்ட் மாற்றியாயிற்று, பாட்டுக் கேசட் சுற்றாமல் ஓடுகிறது, முதல் துபாய்க் கேசட் கணினியில் ஏறிவிட்டது, பி சைடில் மட்டும் சத்தம் போய்ப் போய் வருகிறது. பஞ்சாக இருக்கலாம். ஆனால் ஏ சைடு நன்றாக இருப்பதால் முதலில் டேப்பின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கேசட்டைத் திருப்பினால் மறுபாதித் தடம் ஹெட்டுக்கு வரும், ஓரம் மடங்கினால் ஒரு சைடு மட்டும் அடிபடும். அப்படியானால் ஜனவரி 11-ஆம் தேதி சொன்ன ஒற்றைச் சேனல் வழி.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கேசட் அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே, சைடும் சேர்த்து. அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதே உறையில் போடுங்கள். யார் குரல் என்று தெரிந்தவர்களை உட்காரவைத்துக் கேட்டு, நிமிடக் கணக்கோடு ஒரு தாளில் குறித்துவிடுங்கள். கோப்பு இரண்டு வேறு இடங்களில். கேசட்டைத் தூக்கிப் போடாமல், முழுக்க ஒரு பக்கம் சுற்றி, நிற்கவைத்து, சிலிக்கா ஜெல்லோடு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாத அலமாரியில். பரண் வேண்டாம், கோடையில் அங்கே அடிக்கும் சூட்டுக்குக் கூடு வளையும்.